அலைகளின் ஆசான் ஜெகதீஷ் சந்திர போஸ்



போன செமஸ்டர் விடுமுறையில் ஹாஸ்டல் ரூமில் நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய லேப்டாப்பைப் பிரித்தோம். எங்களில் ஒருவனுடைய அண்ணன் டிப்ளமோ படித்த காலத்தில் வாங்கியது. ஆன் பண்ணினால் டீக்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம், அதற்கப்புறம்தான் திரை வரும். தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. கடைசியில், கெட்டாலும் பரவாயில்லை, பிரித்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம்.

பாட்டரியைக் கழற்றினோம். கையில் உள்ள நிலைமின்சாரம் போக இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டோம். பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, எது எந்த ஓட்டைக்கு என்று ஒரு தாளில் படம் வரைந்து வைத்தோம். 2 ஜி.பி. ரேமை எடுத்துவிட்டு, அதே டி.டி.ஆர்.3 வகையில் 8 ஜி.பி. போட்டோம். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. வைத்தோம். மூன்றாவதாக வயர்லெஸ் கார்டு. தீப்பெட்டியை விடச் சின்னது. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள். அவற்றை நகத்தால் மெதுவாகத் தூக்கி எடுத்து, புதுக் கார்டில் டிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினோம். மூடி போட்டு ஆன் பண்ணினால், அரை நிமிஷத்தில் திரை வந்துவிட்டது! பழைய கார்டு பிடிக்காத 5 ஜிகா ஹெர்ட்ஸ் வைஃபையும் வந்தது.

எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அப்போது எங்களில் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான். இந்த ஒயர் வழியாக வருகிற அலையை முதலில் இவ்வளவு சின்னதாக ஆக்கிப் பார்த்தது யார் என்று. யாருக்கும் தெரியவில்லை. மார்க்கோனி என்றான் ஒருவன். நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். கிடைத்த விடை மார்க்கோனி அல்ல. அவர் நம் நாட்டுக்காரர். கிராமத்தில் தாய்மொழிப் பள்ளியில் படித்தவர். அந்த மனிதரின் வாழ்க்கையைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பிறந்தார். ஊர், இன்று வங்காளதேசத்தில் இருக்கும் மைமன்சிங். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளியில்தான் சேர்ப்பார்கள். அதுதான் கௌரவம். ஆனால் பகவான் சந்திரர் தம் மகனை வங்காளி மொழிப் பள்ளியில் சேர்த்தார். இங்கிலீஷ் கற்கும் முன் பிள்ளைக்குத் தன் மொழியும் தன் மக்களும் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் ஒரு பக்கம் அப்பாவின் பியூன் மகன், ஒரு முஸ்லிம் பையன். இன்னொரு பக்கம் மீனவர் வீட்டுப் பையன். அவர்கள் சொன்ன மீன் கதை, பறவைக் கதை, ஆற்றுக் கதைகளில்தான் இயற்கையின் மேல் தமக்கு ஆசை வந்ததாக போஸ் பின்னாளில் சொல்வாராம்.

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரர்! அவரைப் பிடித்து ஜெயிலுக்கு அனுப்பியவரே பகவான் சந்திரர்தான். தண்டனை முடிந்து வெளியே வந்து, பிழைக்க வழியில்லை என்று நின்றவருக்கு மாஜிஸ்திரேட்டே தம் வீட்டில் வேலை கொடுத்தார். பெற்ற பிள்ளையையும் அவரை நம்பி ஒப்படைத்தார். அந்த அப்பாவின் மனசு எப்படிப்பட்டது என்று இதிலேயே தெரிகிறது.

டிப்ளமோ மாணவர்களான நமக்கு இன்னொரு செய்தி முக்கியம். பகவான் சந்திரர் பர்த்வானில் வேலை பார்த்தபோது அங்கே கொடிய காய்ச்சல் பரவி, ஏராளமான பிள்ளைகள் அநாதைகளானார்கள். அவர்களுக்குச் சோறு மட்டும் போட்டால் போதாது, கைத்தொழிலும் வேண்டும் என்று தம் பங்களாவின் ஒரு பகுதியையே தொழிற்பட்டறையாக மாற்றினார். தச்சுவேலை, கடைசல், உலோக வார்ப்பு எல்லாம் அங்கே நடந்தன. சொல்லப்போனா, வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன பாலிடெக்னிக்! சிறுவன் ஜெகதீஷ் அங்கேயே கிடப்பான். அம்மாவிடம் பழைய பித்தளைப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கி, உருக்கி, ஒரு குட்டிப் பீரங்கி வார்த்தான். வொர்க்‌ஷாப்பில் பழகிய அந்தக் கைதான் பின்னாளில் உலகமே வியந்த கருவிகளைச் செய்தது.

கல்கத்தாவும் கேம்பிரிட்ஜும்

1869-ல் கல்கத்தா வந்து ஹேர் பள்ளியிலும், பிறகு செயிண்ட் சேவியர் பள்ளியிலும் சேர்ந்தார். தாய்மொழிப் பள்ளியிலிருந்து திடீரென்று இங்கிலீஷ் பேசும் பையன்கள் நடுவில் போய் உட்காருவது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து, இங்கே முதல் செமஸ்டர் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தவுடன் கண்ணைக் கட்டியதே, அதே அனுபவம்தான்.

செயிண்ட் சேவியர் கல்லூரியில் அவருக்கு ஒரு நல்ல ஆசிரியர் வாய்த்தார். யூஜின் லாஃபோன் என்ற பாதிரியார். பாடத்தை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், எதையும் கருவி வைத்துச் செய்து காட்டுவார். இயற்பியல் மேல் போஸுக்கு ஆசை வந்தது அவரால்தான். 1879-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஆனால் கடும் காய்ச்சல் விடாமல் துரத்தியது. பிணம் அறுக்கும் கூடத்தின் நாற்றம் உடம்பை இன்னும் கெடுத்தது. மருத்துவத்தை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். அங்கே புகழ்பெற்ற ராலே பிரபு அவருக்கு ஆசிரியர். 1884-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் வாங்கினார்.

மூன்று வருஷம் சம்பளம் இல்லை

1885-ல் நாடு திரும்பி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். இங்கேதான் அவர் வாழ்க்கையின் முதல் போராட்டம்.

அன்றைய வெள்ளைக்கார ஆட்சியில் ஒரே பதவி, ஒரே வேலை. ஆனால் சம்பளம் இரண்டு விதம். வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆக, மூன்றில் ஒரு பங்கு! இந்தியர்களுக்கு அறிவியல் சரிப்படாது என்ற நினைப்பும் மேலிடத்தில் இருந்தது.

போஸ் கூட்டம் போடவில்லை. சண்டை போடவில்லை. வேலையை விட்டும் போகவில்லை. ஒன்றே ஒன்று செய்தார். சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டார். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று வருஷம்! ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்தார், பாடம் நடத்தினார், செய்முறை காட்டினார். சம்பளத்தை மட்டும் வாங்கவில்லை.

வீட்டில் வசதி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஊருக்கு நல்லது செய்யப் போய் அப்பா தொடங்கிய முயற்சிகள் பல நஷ்டத்தில் முடிந்து, கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இந்தக் கஷ்டத்தின் நடுவில் 1887-ல் அவர் அபலா தாஸை மணந்தார். அபலா நம்ம சென்னைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் பெண்கள் டாக்டருக்குப் படிப்பது கல்கத்தாவில் சாத்தியமில்லை என்பதால், 1882-ல் உதவித்தொகை பெற்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். உடல்நலம் கெட்டதால் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. சம்பளம் வாங்காத வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சிக்கனமாகக் குடும்பம் நடத்தியவர் அவர். பின்னாளில் பெண்கல்விக்காக 1919-ல் நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பையும் தொடங்கினார்.

கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. போஸின் பதவியை நிரந்தரமாக்கி, மூன்று வருஷச் சம்பளத்தையும் முழுசாக, வெள்ளைக்காரருக்குச் சமமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்தப் பணத்தை என்ன செய்தார் தெரியுமா? அப்பாவின் கடனுக்குக் கட்டினார்!

24 சதுர அடி லேப்

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று லேப் கிடையாது. வாரத்துக்கு வகுப்புகளோ ஏராளம். ஆராய்ச்சி செய்ய நினைத்தால் மாலையிலும் இரவிலும்தான், அதுவும் சொந்தச் செலவில். 1894-ல் தமது 36-ஆவது பிறந்த நாளில் இனி ஆராய்ச்சிதான் என்று போஸ் முடிவெடுத்தார். கல்லூரியில் குளியலறையை ஒட்டி இருந்த ஒரு சின்ன இடத்தை ஒழித்து எடுத்துக்கொண்டார். சுமார் 24 சதுர அடி. நம்ம ஹாஸ்டலில் இரண்டு கட்டில் போடும் இடம் கூட இல்லை!

கருவி செய்ய ஆள்? படிப்பறிவில்லாத ஒரு தகரப் பட்டறைக்காரரைப் பிடித்தார். தாமே பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டுவது எப்படி, மடிப்பது எப்படி, பற்றவைப்பது எப்படி என்று பழக்கினார். போஸின் மூளையும் அந்தத் தொழிலாளியின் கையும் சேர்ந்துதான் அந்தக் கருவிகள் உருவாயின. அவர் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் தகரம் வெட்டும் சத்தம் கேட்கும் போதெல்லாம் அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுதான். மின்காந்த அலைகள் இருக்க வேண்டும் என்று மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1888 வாக்கில் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் அதைச் செய்து காட்டினார். ஆனால் ஹெர்ட்ஸின் அலை நீளமானது. குறைந்தபட்சம் அரை மீட்டருக்கு மேல். அது ஒளியைப் போலவே எதிரொளிக்கிறதா, வளைகிறதா என்று மேஜை மேல் வைத்துச் சோதிக்க முடியாது. அவ்வளவு பெரிய கண்ணாடி, அவ்வளவு பெரிய லென்ஸ் வேண்டும். போஸ் மாற்றி யோசித்தார். லேபைப் பெரிதாக்க முடியாது. ஆகவே அலையைச் சின்னதாக்குவோம்!

சின்னச் சின்ன உலோக உருண்டைகளுக்கு இடையே மின்பொறி உண்டாக்கி, அலைநீளத்தை இரண்டரை சென்டிமீட்டரில் இருந்து 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். இன்றைய கணக்கில் சொன்னால் 12 முதல் 60 ஜிகா ஹெர்ட்ஸ். நம்ம வைஃபையின் 2.4 ஜிகா ஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 ஜிகா ஹெர்ட்ஸ் அலை 6 சென்டிமீட்டர். அதையும் தாண்டி, 1890-களிலேயே மில்லிமீட்டர் அலைக்குப் போய்விட்டார் மனிதர்!

அலையை வெளியே கொண்டுவர உள்ளீடற்ற உலோகக் குழாய் வைத்தார். இன்று நாம் மைக்ரோவேவ் பாடத்தில் படிக்கும் வேவ் கைடு அதுதான். அலையைச் சேர்த்துப் பிடிக்கப் புனல் மாதிரி ஒரு தகரக் கூம்பு. அதுதான் ஹார்ன் ஆண்டெனா. அலையை ஒரே தளத்தில் வடிகட்டும் போலரைசருக்கு என்ன செய்தார்? பிராட்ஷா என்கிற ரயில்வே அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் வெள்ளீயத் தாளைச் செருகினார். போலரைசர் ரெடி! முறுக்கிய சணலை வைத்தும் சோதனை செய்தார். வங்காளத்தில் சணலுக்கா பஞ்சம்? கையில் கிடைத்ததை வைத்துக் காரியம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் முதல் கட்டுரையைப் படித்தார். அதே ஆண்டு கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில் அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தை வெடிக்க வைத்தார். ஒயரே இல்லாமல்! 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு. பெரிய பெரிய விஞ்ஞானிகள் உட்கார்ந்திருந்த அந்த மண்டபத்தில், கல்கத்தா தகரப் பட்டறையில் செய்த கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, செய்து காட்டினார்.

மார்க்கோனியா, போஸா?

நம்ம பசங்க அடிக்கடி சண்டை போடும் கேள்வி இது. நேர்மையாகப் பார்ப்போம்.

ஒயரில்லாத் தந்தி ஒரே ஆளின் வேலை அல்ல. இங்கிலாந்தில் லாட்ஜ் 1894-லேயே அலையை அனுப்பிக் காட்டினார். ரஷ்யாவில் போபோவ் 1895-ல் காட்டினார். மார்க்கோனி 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு மனுப் போட்டார். மார்க்கோனியின் நோக்கம் தூரம், செய்தி, வியாபாரம். அதற்கு நீள அலைதான் சரி. குற்றலையைக் குன்று மறிக்கும், சுவர் குடிக்கும். ரூமை விட்டு வெளியே போனதும் 5 ஜிகா ஹெர்ட்ஸ் வைஃபை விட்டுப்போய், 2.4 மட்டும் நிற்கிறதே, அதே காரணம்தான். சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்து நண்பர்களுக்கு, மலை எப்படி சிக்னலை மறிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போஸின் நோக்கம் வேறு. அலை என்றால் என்ன, அதன் குணம் என்ன என்று அறிவதுதான் அவருக்கு முக்கியம். ஆகவே ரேடியோவை போஸ் கண்டுபிடித்தார், மார்க்கோனி திருடினார் என்று ஒரே வரியில் சொல்வது சரியல்ல. போஸே இல்லை என்பது போல எழுதுவதும் சரியல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் போஸுக்கு உரிய பெயர் ரொம்ப காலம் கிடைக்கவில்லை. அன்று அலையை உணரும் கருவிக்குக் கோஹரர் என்று பெயர். கண்ணாடிக் குழாயில் இரும்புத் துகள்; அலை பட்டால் மின்சாரத்தை விடும். ஆனால் ஒரு தடவை விட்டால் அப்படியே நின்றுவிடும். தட்டினால்தான் பழைய நிலைக்கு வரும். அடுத்த சிக்னலைப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டாமலே தானாக மீள்கிற இரும்பு - பாதரசக் கருவியைப் பற்றி, டெலிபோனைக் காதில் வைத்துக் கேட்கும் முறையோடு, போஸ் 1899-ல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்டபோது பயன்படுத்தியதும் பாதரசக் கோஹரரும் டெலிபோனும்தான். இத்தாலியக் கடற்படையின் கருவி என்று அதற்குப் பெயர் சொல்லப்பட்டது. அதன் மூலம் போஸின் கட்டுரையே என்று 1998-ல் ஐ.இ.இ.இ. இதழில் விரிவாக ஒரு ஆய்வு வந்தது. 1909-ல் மார்க்கோனி, பிரவுன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. போஸ் பெயர் அதில் இல்லை.

வேண்டாம் என்று சொன்ன காப்புரிமை

போஸ் காப்புரிமையை விரும்பாதவர். அறிவை விற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 1901-ல் லண்டனில் ஒரு பெரிய தந்திக் கம்பெனி முதலாளி, காப்புரிமை எடுத்துத் தருகிறேன், லாபத்தில் பங்கு தருகிறேன் என்று வலிய வந்து கேட்டார். போஸ் மறுத்துவிட்டார். பண ஆசையைப் பார்த்து மனம் கசந்து, தம் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு இதைப் பற்றிக் கடிதமும் எழுதினார்.

ஆனால் நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதாவும் சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியும் வற்புறுத்தியதால், ஒரு கருவிக்கு மட்டும் அமெரிக்கக் காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள். 1904 மார்ச் 29-ல் கிடைத்தது. எண் 755840. கலீனா என்கிற காரீய சல்பைடு படிகத்தை வைத்து அலையை உணரும் கருவி அது. உலகிலேயே குறைகடத்தி கொண்டு அலை உணரும் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை! குறைகடத்தி என்றால் நம்ம செமிகண்டக்டர்தான். அந்தக் காப்புரிமையால் போஸ் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. காலாவதியாக விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் லேப்டாப்பை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். நாங்கள் மாற்றிய மூன்றும் குறைகடத்திதான். ரேமில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டிக் கெபாசிட்டர். மின்சாரம் போனால் மறந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் மின்னூட்டம் காப்புப் படலத்துக்குள் சிறைப்பட்டு, மின்சாரம் இல்லாமலும் நிற்கும். தட்டும்வரை நிலை மாறாமல் நிற்கும் கோஹரரும் ஒரு வகையில் நினைவு வைத்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயர்லெஸ் கார்டைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். மூன்று சிப்புகளின் வம்சாவளியைத் தேடிக்கொண்டே போனால், அந்த 24 சதுர அடி அறைக்குப் பக்கத்தில் போய் நிற்போம்.

செடியின் துடிப்பு

1900-க்குப் பிறகு போஸின் பாதை திரும்பியது. தம் கருவி வெகுநேரம் வேலை செய்தால் களைத்துப் போவதையும், ஓய்வு கொடுத்தால் மீள்வதையும் கவனித்தார். உலோகத்துக்கே இப்படியென்றால் செடிக்கு? தொட்டால் சிணுங்கியை எடுத்துக்கொண்டார். கழனி வரப்பில் நாம் காலால் தொட்டு விளையாடும் அதே செடி! அதில் மின்துடிப்பு ஓடுவதை அளந்தார். செடி வளர்வதை ஒரு கோடி மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார்.

இங்கேயும் எதிர்ப்பு. 1901-ல் ராயல் சொசைட்டியில் உடலியல் நிபுணர்கள் எதிர்த்தார்கள். இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். கட்டுரை அச்சாகாமல் நின்றது. போஸ் சோர்ந்துவிடவில்லை. 1902-ல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். லண்டனில் தங்கி ஆராய்ச்சியைத் தொடரப் பணமில்லாமல் தவித்தபோது, தாகூர் முயற்சி எடுத்து திரிபுரா மகாராஜாவிடம் உதவி வாங்கிக் கொடுத்தார். போஸின் முடிவுகள் எல்லாமே இன்று ஏற்கப்படவில்லை. ஆனால் செடிகளில் மின்சமிக்ஞை ஓடுகிறது என்பது இன்று யாரும் மறுக்காத உண்மை. 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நம்ம ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் அந்தப் பெருமை பெற்று இரண்டே வருஷம் ஆகியிருந்தது.

1915-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா போன்ற மேதைகள் அங்கே அவரிடம் படித்தவர்கள். 1917-ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30, தம் பிறந்த நாளில், போஸ் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் திறந்தார். இங்கே கண்டுபிடிப்பது எதற்கும் காப்புரிமை எடுக்க மாட்டோம், எல்லாம் எல்லோருக்கும் சொந்தம் என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார். ஒரு காலத்தில் குளியலறைப் பக்கத்து மூலையில் தொடங்கியவர், தமக்குப் பின் வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் வரக் கூடாது என்று கட்டிய கோயில் அது. 1937 நவம்பர் 23-ல், இன்று ஜார்க்கண்டில் உள்ள கிரிதி என்ற ஊரில் கண்ணை மூடினார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும்.

காலம் திருப்பிக் கொடுத்தது

அவர் விட்டுப்போன மில்லிமீட்டர் அலையை உலகம் பல பத்தாண்டுகள் மறந்தே இருந்தது. பிறகு தேடி வந்தது. அமெரிக்காவின் 12 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியில், போஸ் 1897-ல் சொன்ன இரட்டைப் பட்டக முறையை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2012-ல் அவருடைய ஆராய்ச்சியை ஐ.இ.இ.இ. ஒரு மைல்கல்லாக அறிவித்து, பிரசிடென்சியில் கல்வெட்டுப் பலகை வைத்தது. வைஃபைக்கு விதி வகுப்பதும் அதே ஐ.இ.இ.இ.தான். அதே 2012-ல்தான் 60 ஜிகா ஹெர்ட்ஸில் இயங்கும் 802.11 ஏ.டி. என்ற வைஃபை விதியும் வெளியானது. சில லேப்டாப்களில் அந்தக் கார்டும் வந்தது. அலைநீளம் 5 மில்லிமீட்டர். போஸ் தொட்ட அதே அளவு! 2022-ல் நம் நாட்டில் 5ஜிக்காக ஏலம் விட்ட 26 ஜிகா ஹெர்ட்ஸும் அவர் வேலை செய்த எல்லைக்குள்தான் வருகிறது.

நண்பர்களே! காப்புரிமையை மறுத்தது போஸின் பெருந்தன்மை. ஆனால் நாம் அதிலிருந்து தவறான பாடம் படித்துவிடக் கூடாது. அவர் வியாபாரத்தைத்தான் மறுத்தார். எழுதி வைப்பதை மறுக்கவில்லை. ஒவ்வொரு சோதனையையும் தேதி போட்டு, படம் போட்டு, கட்டுரையாக்கி அச்சிட்டார். அந்தத் தாள்கள் இருந்ததால்தான் நூறு வருஷம் கழித்தும் அவருக்கு நியாயம் கிடைத்தது. நாமோ ப்ராஜெக்ட் செய்வோம், மார்க் வாங்குவோம், நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவோம். இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. டிப்ளமோதானே என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சில நாள் நாமே அப்படி நினைத்துக்கொள்கிறோம். லேப் இல்லாத ஒருவர், சம்பளம் இல்லாத காலத்தைத் தாண்டி வந்து, ஒரு தகரத் தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ரயில்வே புத்தகத்தையும் சணலையும் வைத்து உலகத்தில் யாரும் செய்யாததைச் செய்தார். கையில் பிடிக்கும் ஸ்க்ரூ டிரைவர் சின்னது, பெரியது என்பது கிடையாது. மூடியைத் திறந்த பிறகு, உள்ளே பார்த்துக் கேட்கிற கேள்விதான் பெரியது.

அந்தப் பழைய லேப்டாப் இப்போது நன்றாகவே ஓடுகிறது. அதிலிருந்து கழற்றிய பழைய வயர்லெஸ் கார்டை நான் தூக்கி எறியவில்லை. என் மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறேன். போஸின் கதையை ஜூனியர் பசங்களுக்குச் சொல்லும்போது, கையில் வைத்துக் காட்ட ஒரு பொருள் வேண்டாமா?

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை